பழைய பக்கி சூடேறினால்: உதிரிபாகம் வாங்கும் முன் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

நம் தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போகும் என்3 நெடுஞ்சாலையில் அடிக்கடி போய்வருகிறவர்களுக்கு இந்தக் காட்சி பழகியிருக்கும். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைத் தாண்டி டவுன் ஹில் ஏற்றம் தொடங்கியதும், பானட்டைத் திறந்து வைத்தபடி ஒரு பழைய பக்கி, அதாவது பின்னால் சுமை ஏற்றும் பிக்அப் வண்டி, சாலையோரம் நிற்கும். நீராவி மேலே எழும். பழைய டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு கேபி, 2008 வரை இங்கேயே தயாரான நிஸ்ஸான் 1400 ஆகிய வண்டிகள்தான் நம்மில் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. டோங்காட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கிளேர்வுட் சந்தைக்குக் காய்கறி ஏற்றிப் போவதும், சாட்ஸ்வொர்த்தில் கட்டட வேலைக்கு மணல் கொண்டுவருவதும் இவைதாம்.

இப்படிப்பட்ட வண்டி சூடேறத் தொடங்கினால் வழக்கமாக நடப்பது என்ன? ஒருவர் தெர்மோஸ்டாட்டை மாற்றச் சொல்கிறார். மாற்றியும் சூடு குறையவில்லை. அடுத்தவர் ரேடியேட்டர் என்கிறார், இன்னொருவர் வாட்டர் பம்ப் என்கிறார். ராண்டுகள் கரைகின்றன, முள் மறுபடியும் சிவப்புக்கு ஏறுகிறது. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. பெரும்பாலான நேரங்களில் இந்தச் செலவு தேவையில்லாதது. என்ஜின் சூடேறப் பத்துப் பன்னிரண்டு காரணங்கள் இருந்தாலும், ஒவ்வொரு காரணமும் தனக்கென்று ஒரு நேரம் பார்த்தே வெளிப்படும். ஆகவே ஸ்பானரை எடுக்கும் முன் இரண்டு கேள்விகளுக்கு விடை தேடுங்கள். வண்டி எப்போது சூடேறுகிறது? தண்ணீர் குறைகிறது என்றால் அது எங்கே போகிறது?

அதற்கு முன், வழியிலேயே முள் ஏறிவிட்டால் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஏசி ஓடினால் நிறுத்துங்கள். உள்ளே இருக்கும் ஹீட்டரை முழுச் சூட்டில், முழு வேகத்தில் திருப்புங்கள். வியர்த்துக் கொட்டினாலும் பரவாயில்லை, ஹீட்டர் என்ஜினின் சூட்டில் ஒரு பங்கை இழுத்து வெளியே விடும். முள் இறங்கவில்லை என்றால் பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்தி என்ஜினை அணையுங்கள். “இன்னும் ஐந்து கிலோமீட்டர்தானே” என்று ஓட்டாதீர்கள். இந்த வண்டிகள் பலவற்றில் அடிப்பகுதி வார்ப்பிரும்பு, மேலே இருக்கும் சிலிண்டர் ஹெட் அலுமினியம். சூட்டில் அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரியும். அந்தச் சில கிலோமீட்டருக்குள் ஹெட் வளைந்துவிடலாம்.

நிறுத்திய பிறகு ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் நீர் நூறு டிகிரிக்கும் மேலான சூட்டில் இருக்கும். மூடி தளர்ந்த நொடியில் அது கொதித்துப் பீறிட்டு முகத்திலும் மார்பிலும் அடிக்கும். அரை மணி நேரமாவது காத்திருங்கள். மேல் ஹோஸைத் தொட முடிகிற அளவுக்கு ஆறிய பின், கனமான துணியை மூடிமேல் போட்டு முதல் தடுப்பு வரை மட்டும் திருப்பி, அழுத்தம் வெளியேறியதும் திறக்கலாம். சுட்டுக்கொண்டிருக்கும் என்ஜினுக்குள் குளிர்ந்த நீரைக் கொட்டினால் உலோகம் விரிசல் விடும். ஆறியபின் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும்.

இனி, இந்த அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். எரிபொருள் எரிந்து வரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மீதியில் பெரும்பகுதியை, என்ஜினைக் குளிர்விக்கச் சுற்றிவரும் நீரான கூலன்ட்தான் சுமந்துபோக வேண்டும். பெல்ட்டால் சுழலும் வாட்டர் பம்ப், கூலன்டை என்ஜினைச் சுற்றியுள்ள நீர்வழிகளில் தள்ளுகிறது. அங்கே சூடான நீர் மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்கு வந்து, மெல்லிய குழாய்களில் இறங்கி, காற்றில் சூட்டை இழந்து, கீழ் ஹோஸ் வழியாகப் பம்புக்குத் திரும்புகிறது. நடுவில் காவல் நிற்பது தெர்மோஸ்டாட். அதன் வயிற்றில் மெழுகு இருக்கிறது. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது வழியை மூடிவைத்து, பெரும்பாலான வண்டிகளில் 82 டிகிரி வாக்கில் மெழுகு உருகி விரியத் தொடங்கும்போது வழிவிடுகிறது.

இந்த அமைப்பில் எல்லோரும் கண்டுகொள்ளாமல் விடும் பாகம் ரேடியேட்டர் மூடி. பாட்டில் மூடியைப் போல வாயை அடைப்பது மட்டும் அதன் வேலை என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது ஒரு பிரஷர் குக்கரின் வெயிட்டைப் போன்றது. சாதாரண மூடி ஒன்று 0.9 பார் அழுத்தம் வரை உள்ளே பிடித்துவைக்கும். கடல்மட்டத்தில் திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் வெறும் நீர், இந்த அழுத்தத்தில் ஏறத்தாழ 119 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தாலோ ரப்பர் வெடித்தாலோ இந்தப் பாதுகாப்பு போய்விடும்.

நம் நாட்டில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. டர்பன் கடலோரத்தில் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில். அந்த உயரத்தில் திறந்த பாத்திரத்து நீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். என்ஜின் நலமாக ஓடும்போதே அதன் நீர் 90 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். சிலிண்டர் ஹெட்டின் சூடான மூலைகளில் இன்னும் அதிகம். மூடி பழுதாக இருந்தால் டர்பனில் எப்படியோ சமாளிக்கும் வண்டி, வான் ரீனன் கணவாயில் 1,600 மீட்டருக்கு மேல் ஏறும்போது கொதித்து நீரைக் கக்கிவிடுகிறது. ஓட்டுநர் ஏற்றத்தைப் பழிக்கிறார். ஏற்றத்துக்கும் பங்கு உண்டு என்பது உண்மை. ஆனால் அதே வண்டியில் நல்ல மூடி இருந்தால், ஜோகன்னஸ்பர்க்கிலும் 116 டிகிரி வரை நீர் தாங்கும். ஆகவே சூடேறும் பழைய வண்டிக்கு முதலில் மாற்ற வேண்டியது எது என்று கேட்டால், அந்த வண்டிக்குக் குறிக்கப்பட்ட அதே அழுத்தமுள்ள புதிய மூடி என்பேன். அதைவிட அதிக அழுத்த மூடி போட்டால் நல்லது என்று நினைத்து மாற்றாதீர்கள். பழைய ஹோஸும் ரேடியேட்டர் தொட்டியும் அதைத் தாங்காமல் வெடிக்கும்.

மூடிக்கு இன்னொரு வேலையும் உண்டு. சூட்டில் விரியும் நீரை ஓவர்ஃப்ளோ பாட்டிலுக்கு அனுப்பிவிட்டு, என்ஜின் ஆறும்போது அதைத் திரும்ப உறிஞ்ச அதன் நடுவில் ஒரு சிறு வால்வு இருக்கிறது. அது கெட்டுப்போனால் பாட்டில் நிறைந்துகொண்டே போகும், ரேடியேட்டர் மட்டும் வறளும். ஆறியபின் மேல் ஹோஸ் உள்வாங்கி ஒட்டிப்போயிருந்தால் இந்த வால்வைச் சந்தேகியுங்கள்.

முதல் கேள்விக்கு வருவோம். எப்போது சூடேறுகிறது?

நிற்கும்போதும் ஊர்ந்து போகும்போதும் ஏறி, வேகம் எடுத்ததும் இறங்குகிறது என்றால், குறை காற்றில் இருக்கிறது. புனித வெள்ளி நாட்களில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலை நோக்கி வரிசையாக ஊரும் வண்டிகளில் இதைப் பார்க்கலாம். ஓடும்போது எதிர்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நிற்கும்போது விசிறி மட்டுமே துணை. பல பழைய பக்கிகளில் விசிறியின் நடுவே சிலிக்கோன் எண்ணெய் நிறைந்த ஒரு கிளட்ச் இருக்கும். ரேடியேட்டரிலிருந்து வரும் காற்று சூடானால் அது இறுகி விசிறியை வேகமாகச் சுழற்ற வேண்டும். என்ஜினை அணைத்த நிலையில், அது நன்றாகச் சூடாக இருக்கும்போது விசிறியைக் கையால் சுழற்றிப் பாருங்கள். தடையே இல்லாமல் பலமுறை சுற்றினால் கிளட்ச் போய்விட்டது. அதன் முகப்பில் எண்ணெய் கசிந்த கறை இருந்தாலும் அதே முடிவுதான். மின்விசிறி பொருத்திய வண்டி என்றால் ஃபியூஸ், ரிலே, வெப்ப ஸ்விட்ச் மூன்றையும் பாருங்கள்.

விசிறியைச் சுற்றி இருக்க வேண்டிய பிளாஸ்டிக் கூண்டையும் கவனியுங்கள். ஏதோ ஒரு பழுதுபார்ப்பின்போது கழற்றிவிட்டுத் திரும்பப் போடாத வண்டிகள் ஏராளம். கூண்டு இல்லாவிட்டால் விசிறி ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காமல் தன்னைச் சுற்றியுள்ள காற்றையே கலக்கிக்கொண்டிருக்கும். பழைய இரும்புக் கடைகளில் தேடி ஒன்றைப் பொருத்தினால், நிற்கும்போது ஏறும் சூடு பல வண்டிகளில் அத்தோடு அடங்கும்.

இதற்கு நேர்மாறாக, ஊருக்குள் நன்றாக ஓடி, நெடுஞ்சாலை வேகத்திலோ ஃபீல்ட்ஸ் ஹில் போன்ற ஏற்றத்திலோ மட்டும் சூடேறும் வண்டி வேறு கதை. அங்கே விசிறியைக் குறை சொல்லிப் பயனில்லை. வெப்பம் அதிகமாகப் பிறக்கும் நேரத்தில் அதைச் சுமக்க நீரோட்டம் போதவில்லை, அல்லது ரேடியேட்டரால் அதை இறக்க முடியவில்லை. முதல் சந்தேகம் ரேடியேட்டர் அடைப்பு. கரும்பு அறுவடைக் காலத்தில் டர்பனுக்கு வடக்கே கடலோரத்தில் ஓடும் வண்டிகளின் ரேடியேட்டரைப் பாருங்கள்: தோகை எரித்த கரி, சருகு, பூச்சி, சேறு எல்லாம் சேர்ந்து இறகுத் தகடுகளை மூடியிருக்கும். ஏசி உள்ள வண்டியில் இந்த அழுக்கு, முன்னால் இருக்கும் ஏசியின் கண்டென்சருக்கும் (அதுவும் ரேடியேட்டர் போன்றதே) ரேடியேட்டருக்கும் இடையில் ஒளிந்திருக்கும். முன்னால் நின்று பார்த்தால் தெரியாது. என்ஜின் ஆறியிருக்கும்போது, என்ஜின் பக்கத்திலிருந்து முன்னோக்கி, மென்மையான நீர்த்தாரையால் கழுவ வேண்டும். உயர் அழுத்தப் பம்பால் அடித்தால் தகடுகள் மடிந்து நிலைமை இன்னும் மோசமாகும்.

உள் அடைப்பு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கைக்குத் தெரியும். அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. தெர்மோஸ்டாட் திறந்த நிலையில் ரேடியேட்டர் முகத்தில் வரிசையாக வெப்பம் அளந்து பாருங்கள். நீர் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம் வரை சூடு படிப்படியாகக் குறைய வேண்டும். நடுவில் ஒரு பகுதி மட்டும் குளிர்ந்து கிடந்தால் அங்கே குழாய்கள் அடைபட்டிருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் குழாய்த் தண்ணீரை மட்டும் ஊற்றி ஓட்டிய வண்டிகளில் இது சாதாரணம்.

வேகத்தில் மட்டும் ஏறும் சூட்டுக்கு இன்னொரு காரணம் கீழ் ஹோஸ். பம்ப் அங்கிருந்துதான் உறிஞ்சுகிறது. ரப்பர் தளர்ந்து, உள்ளே தாங்கி நிற்க வேண்டிய கம்பிச் சுருளும் துருப்பிடித்துப் போயிருந்தால், என்ஜின் வேகமெடுக்கும்போது ஹோஸ் ஒட்டிக்கொண்டு நீரை மறிக்கும். வண்டி நின்றதும் அது பழையபடி உப்பிவிடுவதால் யாருக்கும் தெரிவதில்லை. ஒருவர் ஆக்ஸிலரேட்டரை அழுத்த, மற்றவர் விசிறியிலிருந்து எட்ட நின்று கீழ் ஹோஸைக் கவனித்தால் புரிந்துவிடும். பெல்ட் வழுக்கினாலும், பம்பின் உள் இறக்கைகள் அரித்துப்போயிருந்தாலும் இதே அறிகுறிதான். குளிரூட்டும் அமைப்புக்கு வெளியேயும் காரணம் இருக்கலாம்: தாமதமான இக்னிஷன் டைமிங், பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக், அளவுக்கு மீறிய சுமை.

கிளம்பிய சில நிமிடங்களிலேயே முள் விறுவிறுவென்று ஏறுகிறது என்றால், தெர்மோஸ்டாட் மூடிய நிலையிலேயே சிக்கியிருக்கலாம். மேல் ஹோஸ் கொதிக்க, ரேடியேட்டரும் கீழ் ஹோஸும் குளிர்ந்தே இருக்கும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி ஒரு பாத்திரத் தண்ணீரில் வெப்பமானியோடு போட்டுச் சூடாக்குங்கள். அதன் மேல் பொறித்திருக்கும் டிகிரியில் திறக்கத் தொடங்க வேண்டும். இல்லையென்றால் புதிது வாங்குங்கள். தண்ணீரே குறைவாக இருந்தாலும், உள்ளே காற்று அடைத்திருந்தாலும் இதே போல ஏறும். ஆகவே முதலில் மட்டத்தைப் பாருங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டும் பழக்கம் நம் ஊர்ப் பட்டறைகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. வெப்பநாட்டுக்கு அது எதற்கு என்கிறார்கள். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. குளிர்ந்தே ஓடும் என்ஜின் அதிக எரிபொருள் குடிக்கும், சிலிண்டர்கள் விரைவில் தேயும், எண்ணெயில் ஈரம் தங்கும். அதைவிட முக்கியம்: பல என்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே அதன் அடிப்பக்கத் தட்டு குறுக்குவழி ஒன்றை அடைக்கிறது. அதை எடுத்துவிட்டால் நீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமல் அந்தக் குறுக்குவழியிலேயே சுற்றி வரும். ஏற்றத்தில் வண்டி முன்பைவிட அதிகம் சூடேறும். ஹாரிஸ்மித் பக்கம் ஜூலை மாதக் காலைகளில் பனி உறையும். அங்கே அந்த வண்டியின் ஹீட்டரும் பயன்படாது.

இரண்டாவது கேள்வி: தண்ணீர் எங்கே போகிறது? மூடிய அமைப்பில் தண்ணீர் குறையக் கூடாது. வாரம் ஒரு முறை ஊற்ற வேண்டியிருக்கிறது என்றால் கசிவு இருக்கிறது என்று பொருள். வெளிக் கசிவைக் கண்டுபிடிப்பது எளிது. இரவு வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்துவைத்து, காலையில் ஈரம் எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். ஹோஸ் கிளாம்புகள், பிளாஸ்டிக் தொட்டியின் ஓரங்கள், என்ஜின் பக்கவாட்டில் துருப்பிடிக்கும் வெல்ச் பிளக்குகள் (நீர்வழித் துளைகளை அடைக்கும் உலோக மூடிகள்) ஆகியவற்றில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உலர்ந்த படிவு இருந்தால் அதுவே தடயம். பம்பின் அடியில் வேண்டுமென்றே விட்டிருக்கும் சிறு துளையிலிருந்து சொட்டினால், பம்பின் சீல் போய்விட்டது. அந்தத் துளையை அடைக்காதீர்கள், பம்பை மாற்றுங்கள். வண்டிக்குள் இனிப்பு வாசனை, நனைந்த தரைவிரிப்பு, கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் போன்ற மூட்டம் ஆகியவை ஹீட்டர் ரேடியேட்டர் ஒழுகுவதைக் காட்டும். கசிவை அடைக்கும் பொடிகளை அவசரத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள். அவை ஓட்டையோடு நல்ல குழாய்களையும் அடைத்துவிடும்.

வெளியே எங்கும் ஈரமில்லை, ஆனாலும் நீர் குறைகிறது என்றால், சிலிண்டர் ஹெட்டுக்கும் என்ஜின் அடிப்பகுதிக்கும் இடையே கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்க வேண்டும். காலையில் முழுவதும் ஆறிய என்ஜினில் மூடியைத் திறந்து, விளிம்பு வரை நிரப்பி, ஸ்டார்ட் செய்யுங்கள். ஆரம்பத்தில் சில குமிழிகள் வருவது இயல்பு. நிற்காமல், ஒரே சீராகக் குமிழிகள் வந்துகொண்டிருந்தால் எரிந்த வாயு நீர்வழிக்குள் நுழைகிறது. நீர் சூடாகத் தொடங்கும் முன் இந்தச் சோதனையை முடித்து என்ஜினை அணைத்துவிடுங்கள். இன்னொரு வழி: மூடியைப் போட்டு ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் போல இறுகினால், அது நீரின் சூட்டால் வந்த அழுத்தமாக இருக்க முடியாது. பட்டறைகளில் நீல நிறத் திரவம் ஒன்றால் ரேடியேட்டர் வாயில் சோதிப்பார்கள்; எரிந்த வாயு கலந்தால் நீலம் மஞ்சளாகும்.

வெள்ளைப் புகையை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். குளிர்ந்த காலையில் டீசல் என்ஜின் எரியாத டீசலை வெள்ளைப் புகையாக விடுவது உண்டு. என்ஜின் நன்றாகச் சூடான பிறகும் இனிப்பு வாசனையோடு புகை தொடர்ந்தால்தான் கவலை. எண்ணெய் மூடியின் உட்புறத்தில் வெண்ணெய் போன்ற படிவும் அப்படித்தான். தினமும் குறைந்த தூரமே ஓடும் வண்டியில் அது வெறும் ஈரமாக இருக்கலாம். எண்ணெய் அளக்கும் குச்சியிலேயே பால் கலந்த நிறம் தெரிந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். கேஸ்கெட் மாற்றும்போது ஹெட்டை இன்ஜினியரிங் பட்டறைக்கு அனுப்பி, தட்டையாக இருக்கிறதா, விரிசல் இருக்கிறதா என்று சோதிக்காமல் திரும்பப் பூட்டினால், சில மாதங்களில் அதே வேலையை மறுபடியும் செய்ய வேண்டிவரும்.

சூடு காட்டும் முள்ளை முழுவதும் நம்ப வேண்டாம் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அதன் உணரி நீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். நீர் மொத்தமும் கொட்டிப்போய்விட்டால் உணரி காற்றில் நிற்கும்; என்ஜின் வெந்துகொண்டிருக்க முள் கீழே இறங்கும். ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று விழுந்தால் நிம்மதி அடையாமல் உடனே நிறுத்துங்கள்.

கடைசியாகக் கூலன்ட். பனி உறையாத டர்பனில் வெறும் தண்ணீர் போதும் என்று நினைப்பவர்கள் பலர். கூலன்டின் எத்திலீன் கிளைக்கால் உறைவதைத் தடுப்பதோடு கொதிநிலையையும் உயர்த்துகிறது: பாதிக்குப் பாதி கலந்த நீர், அழுத்தமில்லாமலே கடல்மட்டத்தில் 107 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். அதைவிடப் பெரிய பயன் அதில் சேர்த்திருக்கும் துருத்தடுப்புப் பொருட்கள். அவை தீர்ந்துபோவதால்தான் பழைய பச்சை வகையை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். புதிய கரிம அமில வகைகள் பெரும்பாலும் ஐந்து ஆண்டு தாங்கும். இரண்டையும் கலக்காதீர்கள். நிறத்தைப் பார்த்தும் வகையை முடிவு செய்யாதீர்கள். வண்டியின் கையேடு சொல்வதே சரி. கலப்பதற்குக் காய்ச்சி வடித்த நீரை வாங்குங்கள். வடித்து எடுத்த பழைய கூலன்டைத் திறந்த பாத்திரத்தில் விடாதீர்கள். அதன் இனிப்புக்கு நாய்களும் குழந்தைகளும் வாய் வைத்துவிடும், அது கொடிய நஞ்சு.

நிரப்பும்போது காற்று உள்ளே தங்கிவிடுவதுதான் பலருக்கும் வரும் சிக்கல். ரேடியேட்டர் வாய் உயர்ந்திருக்கும்படி வண்டியின் முன்பக்கத்தை ஒரு சரிவில் ஏற்றி நிறுத்துங்கள். ஹீட்டரைச் சூட்டு நிலையில் திறந்துவையுங்கள். தெர்மோஸ்டாட்டில் ஆடும் சிறு ஊசி இருந்தால் அது மேற்புறம் இருக்கும்படி பொருத்தியிருக்க வேண்டும். ஆறிய என்ஜினில் மெதுவாக ஊற்றி, மூடி இல்லாமல் ஸ்டார்ட் செய்து, மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கி விட்டால் காற்று வெளியேறும். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும். நீர் கொதிக்கும் வரை காத்திராமல் அப்போதே நிரப்பி மூடியைப் போடுங்கள். ஓவர்ஃப்ளோ பாட்டிலில் குறைந்தபட்சக் கோட்டுக்கு மேல் வையுங்கள். ஒரு சுற்று ஓட்டிவிட்டு, மறுநாள் காலை ஆறிய பிறகு ரேடியேட்டரையும் பாட்டிலையும் மீண்டும் பாருங்கள். முதல் இரண்டு மூன்று நாட்களில் கொஞ்சம் இறங்குவது எஞ்சிய காற்று வெளியேறுவதால்தான். அதற்குப் பிறகும் இறங்கினால், அட்டையை மறுபடியும் வண்டிக்கு அடியில் விரியுங்கள்.